சைகோன் அலமாரி

மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அமலோற்பவம் அந்த அலமாரியை நேராகப் பார்த்தாள். அதுவரை அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். காலொடிந்த சாய்வு நாற்காலி, பூசணம் பிடித்த சேசுநாதர் படம், ஒன்றுக்கும் உதவாத கண்ணாடி ஜாடி என்று ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, ஜாடியை மட்டும் "இது நல்லா இருக்கே" என்று பாராட்டிவிட்டு, அலமாரி நின்ற மூலைக்கு முதுகைக் காட்டியே நின்றிருந்தாள். வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் பேசிவிடும், கண் பேசினால் விலை ஏறிவிடும். பழைய சாமான் வாங்கி ஏலத்துக்கு அனுப்புகிற இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படித்தான். புதுச்சேரியில் எந்தத் தெருவில் எந்த வீடு காலியாகிறது என்று பாதிரியாருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த வீடும் அப்படித் தெரிந்ததுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகப் போகிறது, அடக்கத்துக்குக்கூட வராத ஒரே மகள் இப்போது லியோன் பட்டணத்திலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள், ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போகிறாள். "நீங்க பாருங்க மதாம், நான் தலை குளிச்சிட்டு வரேன், வேர்க்குது ரொம்ப" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள் அந்த நதாலி. ஐம்பது வயதுப் பெண்மணியின் வாயில் ஏழு வயதுத் தமிழ், இங்கிருந்து போன அன்று எப்படி இருந்ததோ அப்படியே மடித்து வைத்த தமிழ். நரையை மறைக்கச் சாயம்கூடப் போடாத நீளமான தலைமுடி, நல்ல அடர்த்தி, அலசி முடிக்க நேரமாகும். நேரமாகட்டும். இந்த நேரம் போதும். இதைவிடக் குறைந்த நேரத்தில், வீட்டுக்காரர் போன் பேசி முடிப்பதற்குள், ஒரு கட்டில் பர்மா தேக்கா இல்லையா என்று முடிவு செய்தவள் அவள்.

அலமாரி அவள் தோள் உயரம் இருந்தது. கறுத்த மரம், ஈட்டி மரம் போல இருந்தது, ஆனால் நம் ஊர் ஈட்டி இல்லை, முகம் முழுக்கச் சிப்பி பதித்த பூவும் கொடியும், கொடியில் நீள வாலுடன் இரண்டு பறவைகள், கீழே வரிசையாக இழுப்பறைகள், எல்லாவற்றுக்கும் கீழே அகலமாக ஒன்று. சைகோன் சாமான், வியட்நாமும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தது. இந்தத் தெருவில் ஒரு காலத்தில் சைகோனுக்குப் போகாத குடும்பமே கிடையாது, துறைமுகத்தில் சுங்கக் கணக்குப் பார்க்கப் போனவர்கள் கப்பலில் திரும்பும்போது மனைவிக்குப் பட்டும் வீட்டுக்கு இந்த மாதிரி ஒரு அலமாரியும் கொண்டுவந்தார்கள். முக்கால்வாசி கரையான் தின்றது, மீதி வெளியூர் போனது. இப்படி முழுசாக ஒன்றை அவள் கண்ணால் பார்த்து எத்தனையோ வருஷம். சென்னை ஏலக்கூடத்தில் இதைக் கொண்டுபோய் நிறுத்தினால் பம்பாயிலிருந்து போனில் கேட்பார்கள், அவளுக்குத் தெரியும், கேட்கப்போகிற ஆளின் பெயர்கூடத் தெரியும். அசலாக இருந்தால். அங்கேதான் போய் இடித்தது. டார்ச்சை அடித்தாள், சிப்பி பச்சையிலிருந்து ரோஜா நிறத்துக்கு நழுவியது, நல்லது, கன்னத்தை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது, பிளாஸ்டிக் இப்படிக் குளிராது, ரொம்ப நல்லது. ஆனால் இந்த வீடு சினிமாவுக்கு விட்ட வீடு. பெரியவர் படுத்த படுக்கையான காலத்திலிருந்தே அவருடைய தம்பி மகன் கபிரியேல் கீழ்த்தளத்தைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான், வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்றால் நேராக இங்கேதான் வருவார்கள், வந்தவர்கள் கொண்டுவந்ததில் பாதியை விட்டுவிட்டுப் போனார்கள். கூடத்தில் நிற்கிற பளிங்கு மாதாவைச் சற்று முன் விரல் மடக்கித் தட்டினாள், தெர்மோகோல். சுவரில் ஒரு கணப்படுப்பு, புதுச்சேரி வெயிலில் எவன் குளிர்காய்ந்தான், அட்டை. நதாலியே சிரித்துக்கொண்டு சொன்னாள், "எது எங்க அப்பாது, எது சினிமாக்காரங்களுதுன்னு எனக்குத் தெரியாது மதாம். கபிரியேலைக் கேட்டா எல்லாம் பெரியப்பாதுதான்னு சொல்றான். அந்த மாதாவையும் சேர்த்து."

கலை இயக்குநர்களின் ஆட்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. நிஜச் சிப்பியைப் பதிப்பார்கள், மரத்தைக் கறுக்க வைப்பார்கள், டிகாக்ஷன் ஊற்றித் தேய்த்து நூறு வருஷத்து அழுக்கை ஒரு ராத்திரியில் ஏற்றுவார்கள். கண்ணை ஏமாற்றலாம், கையைக்கூட ஏமாற்றலாம், மூக்கை முடியாது. அமலோற்பவம் குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தாள், திறந்த கையோடு முகத்தை உள்ளே கொடுத்தாள், கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், கொடுத்த பிறகுதான். உள்ளே ஒன்றுமில்லை. இருட்டு இருந்தது, மரம் இருந்தது, மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது, வாசனை என்று ஒன்று இல்லவே இல்லை. கொரோனா போகும்போது எடுத்துக்கொண்டு போனது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, ஒரு காலை காப்பியை வாயருகே கொண்டுபோனபோது அது வெறும் சுடுதண்ணீராக இருந்தது. வந்துவிடும் என்றார் டாக்டர். எலுமிச்சம்பழம், கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் என்று தினமும் காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார், மாதக்கணக்கில் மோந்தாள், கிராம்பு கறுப்பாக இருந்தது, எலுமிச்சை மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டில் கணவர் சேவியருக்கு மட்டும் தெரியும். இப்போது பாலை மோந்து பார்ப்பது, மீனை மோந்து பார்ப்பது, கேஸ் அடுப்பை ராத்திரி அணைத்தோமா என்று பார்ப்பது எல்லாம் சேவியர் வேலை. நல்ல மனுஷன், குறை சொல்லக் கூடாது, ஆனால் தொழிலுக்கு அழைத்து வர முடியாத மனுஷன், ஒரு நல்ல பொருளைப் பார்த்தால் "அடேயப்பா" என்று வாயைத் திறந்துவிடுவார், அந்த ஒரு அடேயப்பாவில் ஒரு மாத வருமானம் போய்விடும். முன்பெல்லாம் ஒரு வீட்டு வாசலில் கால் வைத்தாலே போதும் அவளுக்கு. பர்மா தேக்கு பழைய தோல் செருப்பு மாதிரி, பலாமரம் புளித்த மாவு மாதிரி, பூச்சி அரித்தது அரிசிப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி, மரத்தில் ஏறின அரக்கு மெழுகுவர்த்தி அணைந்த மாதிரி. வார்த்தை எல்லாம் இருக்கிறது, வாசனை இல்லை. ஊரில் இல்லாத மனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவது போல அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்ப்பாள் சில நேரம், குளிக்கும்போது, சமைக்கும்போது, ஒன்றாவது திரும்பிப் பார்க்குமா என்று.

மாடியில் தண்ணீர் நின்றது. அவள் முகத்தை இழுப்பறைக்கு வெளியே எடுத்தாள். பிறகு மறுபடி விழுந்தது, சோப்புப் போட நிறுத்தியிருப்பாள், இரண்டாம் தடவை அலசுகிறாள், சரி. பதறுவதற்கு ஒன்றுமில்லை. பதறுகிற ஆள் இல்லை அவள். காரைக்கால் பெட்டி விஷயத்தில்கூடப் பதறவில்லை. காரைக்கால் பெட்டியை ஏன் இப்போது நினைக்க வேண்டும், அதை நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தாள், ஆனால் நாக்கு சொத்தைப் பல்லைத் தேடிப் போகிற மாதிரி புத்தி அங்கேதான் போகிறது. பழைய வீட்டில் பழைய பெட்டி, பித்தளைப் பூண், பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கி ஏலக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கே மேலாளராக இருக்கிற தீனதயாளு மூடியைத் தூக்கினார், அடுத்த விநாடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னம்மா இது, பெயின்ட் தின்னர் வாடை மண்டையில ஏறுது. போன மாசம் செஞ்ச பெட்டி. உங்க மூக்கு எங்கே போச்சு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். சளி சார் என்றாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்தச் சளியைச் சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை போலியைக் கொண்டுபோய் நிறுத்தினால் தீனதயாளு சிரிக்கமாட்டார், அமலோற்பவம் அனுப்புகிற சாமானை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வார், அத்தோடு முடிந்தது. முடியட்டுமே, தையல் தெரியும், சேவியருக்குச் சம்பளம் வருகிறது, பட்டினி கிடக்கப்போவதில்லை. இல்லை, அது பேச்சில்லை. ஒரு இருட்டறைக்குள் போய் நூறு குப்பைக்கு நடுவில் ஒன்றே ஒன்று நான் இங்கே இருக்கிறேன் என்று அவளைக் கூப்பிடும், அந்தக் கூப்பாடு கேட்கிற காது அவளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு எவளுக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டு உட்காருவதா. இப்போதும் கேட்கிறது. இந்த அலமாரி கூப்பிடுகிறது. காரைக்கால் பெட்டியும் கூப்பிட்டதா? யோசித்தாள். நேர்மையாக யோசித்தாள். இல்லை. அது கூப்பிடவில்லை, பல்லை இளித்தது, அவ்வளவுதான், அவள்தான் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டாள். அப்படியானால் இதுவும் அவள் நினைத்துக்கொள்வதுதானா. விரலை இழுப்பறையின் அடிப்பலகைக்குக் கீழே விட்டுத் தடவினாள். மேடும் பள்ளமும் மெல்லிசாக அலை அலையாக ஓடியது, கையால் இழைப்புளி போட்ட பலகை, மெஷினில் அறுத்தது வழுக்கும். ஆனால் பழைய பலகையை எடுத்துப் புது அலமாரிக்குப் போட எவ்வளவு நேரமாகும்? பறவையின் இறக்கையில் ஒரு துண்டு சிப்பி உதிர்ந்திருந்தது, உதிர்ந்த பள்ளத்தில் அழுக்கு இறுகிக் கிடந்தது, நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. நல்லது. டிகாக்ஷனும் காய்ந்தால் இறுகத்தான் செய்யும். கண் ஆம் என்கிறது, கன்னம் ஆம் என்கிறது, விரல் ஆம் என்கிறது, மூன்று பேர் சொன்னால் போதாதா, நாலாவது ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உண்டா. சாயங்காலம் இன்னொரு வியாபாரி வருகிறார் என்று நதாலி சொல்லியிருந்தாள். அவருக்கு மூக்கு இருக்கும்.

தண்ணீர் நின்றது. இந்தத் தடவை நின்றதுதான். அமலோற்பவம் இழுப்பறையை மூடப்போனாள், மூடிவிட்டு ஜாடியின் பக்கம் போய் நின்றுகொள்வதுதான் முறை, ஆனால் மூடவில்லை. ஏன் என்று பிறகு எத்தனை தடவை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நதாலி இறங்கி வந்தபோது அவள் அலமாரியின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், திறந்த இழுப்பறை மடி வரைக்கும் வந்திருந்தது.

"இதுவா பிடிச்சிருக்கு?" என்றாள் நதாலி. "நான் ஜாடின்னு நினைச்சேன்."

"நதாலிம்மா, ஒரு உதவி. இந்தக் கீழ் டிராயரைக் கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்றீங்களா?"

"மோந்தா? எதுக்கு?"

"பெயின்ட் வாடை, வார்னிஷ் வாடை ஏதாவது அடிக்குதான்னு. அடிச்சா இது சினிமா சாமான். எனக்கு வேண்டாம்."

"நீங்க பார்க்கலயா?"

சளி என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பழகிய வார்த்தை, உந்தித் தள்ளவே வேண்டாம், தானாக விழும். "எனக்கு வாசனை தெரியாதும்மா" என்றாள் அமலோற்பவம். "கொரோனாவுல போனது, திரும்பி வரல. தொழில்ல யாருக்கும் தெரியாது." சொன்னதும் முதுகு லேசானது, ஒரு வாரத்தில் விமானம் ஏறிப் போகிறவள், யாரிடம் சொல்லப்போகிறாள் என்று புத்தி அவசரமாகக் காரணம் தேடிக் கொடுத்தது, ஆனால் சொன்னது அந்தக் காரணத்துக்காக இல்லை.

 நதாலி பக்கத்தில் மண்டியிட்டாள், துண்டு அவிழ்ந்து ஈரமுடி முன்னால் விழுந்தது, அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை இழுப்பறைக்குள் கொடுத்தாள். எடுக்கவில்லை. எடுக்கக் காணோமே என்று அமலோற்பவம் பார்த்தாள், அந்தக் கழுத்தில் தண்ணீர் ஒரு சொட்டு இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது, தின்னர் மண்டையில் ஏறிவிட்டதா, மயக்கமா, அப்படியானால் போலி, போகட்டும், காரைக்கால் பெட்டிக்கு ஒரு தங்கை, எழுந்து போய்விடலாம், ஜாடியையாவது வாங்கிக்கொண்டு. அப்போது உள்ளேயிருந்து பானைக்குள் பேசுகிற மாதிரி நதாலியின் குரல் வந்தது.

"இது எங்க வீட்டுது."

தலையைத் தூக்கியபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. "ஜூலை பதினாலு, பிரான்சு தேசத்து நாள். கடற்கரையில ஊர்வலம் போவாங்க இல்ல, பழைய பட்டாளத்து ஆளுங்க எல்லாம், மெடல் குத்திக்கிட்டு. அப்பாவோட கோட்டு இதுலதான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் எடுப்பாரு. என்னைத் தோள்ல தூக்கிப்பாரு. பேண்டு அடிப்பாங்க, எனக்குப் பயம், நான் அவரு காலருக்குள்ள மூக்கை வெச்சுக்குவேன், ஊர்வலம் முடியற வரைக்கும் எடுக்க மாட்டேன். இதேதான். இதேதான் மதாம்." கோட்டு இப்போது இல்லை. கபிரியேல் அதை ஒரு படத்தில் நடிக்க வந்தவனுக்குப் போடக் கொடுத்தான், அது திரும்பி வரவில்லை. அவள் வந்த அன்றே விசாரித்ததும் அதைத்தானாம், ஏன் விசாரித்தோம் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லையாம். ஏழு வயதில் அத்தையோடு பிரான்சுக்கு அனுப்பிவிட்டார் என்று அப்பா மேல் இவ்வளவு காலமும் கோபம் இருந்தது, போன் பேசினால் சண்டை, பிறகு போனும் இல்லை. இதையெல்லாம் ஏழு வயதுத் தமிழில் அவள் சொன்னாள், வார்த்தை கிடைக்காத இடத்தில் பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கையை விரித்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த அமலோற்பவத்துக்கு உள்ளே ஒரு கூச்சல் எழும்பிக்கொண்டிருந்தது, அசல், அசல், நான் சொன்னேனே, கண்ணும் சொன்னது, கன்னமும் சொன்னது. ஒருத்தி அப்பாவை நினைத்து அழும்போது இப்படிச் சந்தோஷப்படலாமா என்று ஒரு மூலையில் வெட்கமும் இருந்தது, ஆனால் சந்தோஷம் வெட்கத்தைவிடப் பெரிசாக இருந்தது, அதை மறைக்க முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எப்படி இருக்கு அந்த வாசனை?" என்று கேட்டாள். "சொல்லுங்க, எனக்காக."

நதாலி மறுபடி குனிந்தாள். "சூடம். ஆனா கோயில் சூடம் இல்ல, மரத்துக்குள்ள இருக்கிற சூடம். அப்புறம் மிளகு. மழையில நனைஞ்ச கம்பளி... அப்புறம் இரும்புச் சாவியை நாக்குல வெச்சா இருக்குமே, அது. மெடல் போல." அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள். கற்பூர மரத்துப் பலகை, அப்படியானால் அடி அறைக்கு மட்டும் கற்பூர மரம் போட்டிருக்கிறார்கள், துணி வைக்கிற அறை, பூச்சி வராமல் இருக்க, சரியான வழக்கம்தான். சூடத்தை வைத்தாள், மிளகை வைத்தாள், கம்பளியை அதன் மேல் போர்த்தினாள், சாவியை ஓரமாக வைத்தாள். மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த இருட்டு அறை முன்பு போல வெறுமையாக இல்லை.

"இதை நான் விக்கல மதாம்" என்றாள் நதாலி.

கூச்சல் அடங்கியது. தன் கையால் தானே செய்துகொண்டது, யாரை நொந்துகொள்வது. ஜாடிப் பக்கம் போய் நின்றிருந்தால் இந்நேரம் விலை பேசி முடித்திருக்கலாம். ஆனால் பேசி முடித்தது என்ன பொருள் என்று தெரியாமலே சென்னைக்குப் போயிருப்பாள். "லியோன்ல எங்கே வைப்பீங்க?" என்று கேட்டாள், குரலில் வியாபாரம் இல்லாமல், சும்மா கேட்கிற மாதிரி.

நதாலி அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள். முதல்முறையாக அதன் அளவு கண்ணில் பட்டது போலிருந்தது. "நாலாவது மாடி. படிக்கட்டுல திரும்பாது. எங்க கதவுல நுழையவே நுழையாது." துண்டால் மூக்கைத் துடைத்தாள். "கபிரியேல்கிட்ட விட்டுட்டுப் போகவும் முடியாது."

அமலோற்பவம் இழுப்பறையைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதைச் சொல்கிற வியாபாரி பைத்தியம், அடி அறை இல்லாத அலமாரி முன்பல் போன சிரிப்பு மாதிரி. ஆனாலும் அந்த ஓட்டையோடு அதை ஏலக்கூடத்தில் நிறுத்தி, ஏன் இல்லை என்று கேட்பவனிடம் அந்த வீட்டுப் பெண் எடுத்துக்கொண்டுபோனாள் என்று நிமிர்ந்து சொல்கிற தன்னை அவளால் பார்க்க முடிந்தது. போலிச் சாமானிலிருந்து எவளும் ஒரு துண்டை உருவிக்கொண்டு கடல் தாண்டிப் போகமாட்டாள்.

"டிராயரை நீங்க எடுத்துக்குங்க. மீதியை எனக்குக் குடுங்க" என்றாள். "குறை உள்ள சாமானுக்கு என்ன விலையோ அந்த விலைதான் தருவேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா புது டிராயர் செஞ்சு போட்டு யாரையும் ஏமாத்த மாட்டேன். உங்க இடம் காலியாவே இருக்கும்."

பேரம் நடந்தது. நதாலி லேசுப்பட்டவள் இல்லை, இரண்டு தடவை விலையை ஏற்றினாள், ஒரு தடவை அமலோற்பவம் எழுந்து வாசல்வரைக்கும் போய்த் திரும்பினாள். கடைசியில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வருத்தம் மிஞ்சுகிற ஒரு விலைக்கு முடிந்தது, அதுதான் சரியான விலை. அந்த அலமாரி பிற்பாடு ஏலத்தில் ஓட்டையோடே நன்றாகத்தான் போனது, பம்பாய்க்காரர் ஓட்டையைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். அன்றைக்கு அமலோற்பவம் போனில் சொன்னதும் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வந்து வாசலில் நின்றது, இரண்டு ஆட்கள் அலமாரியைச் சாக்குப் போர்த்தித் தூக்கினார்கள். கூடத்தைத் தாண்டும்போது தெர்மோகோல் மாதா இடுப்பில் இடிபட்டு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் தாளைத் தேடிப் பிடித்து அமலோற்பவமே இழுப்பறையைச் சுற்றிக் கட்டினாள், ஒரு மூலைகூட விடாமல், காற்றுப் போகாமல், தன்னால் மோக்க முடியாத ஒன்று சிந்திவிடக் கூடாது என்று அவ்வளவு இறுக்கமாக.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் நதாலி வாசலிலேயே நின்றாள், ஈரமுடி காயவில்லை, இழுப்பறை இடுப்பில் குழந்தை மாதிரி இருந்தது.

"இப்ப வீட்டுக்கா மதாம்?"

"இல்லம்மா. முத்தியால்பேட்டையில ஒரு வீட்டுல பியானோ இருக்குதாம். பார்த்துட்டுப் போகணும்."

"பியானோவும் மோந்து பார்ப்பீங்களா?"

"பார்க்காம? உள்ளே தந்தியைத் தட்டுற கட்டை எல்லாம் கம்பளி சுத்தினதுதான். நல்லா இருந்தா ஆட்டு வாசனை அடிக்கும். கெட்டுப்போயிருந்தா எலி வாசனை."

நதாலி திரும்பிக் காலியான கூடத்தைப் பார்த்தாள். இழுப்பறையை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள், சாவியைத் திருப்பினாள், படியிறங்கி வந்து வண்டிக் கதவைத் திறந்தாள். "தள்ளி உட்காருங்க" என்றாள்.

சாயங்காலம் வருகிற வியாபாரி என்ன ஆவது என்று அமலோற்பவம் கேட்கவில்லை. முன் சீட்டில் ஓட்டுநர் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். "எலி வாசனை உங்களுக்குத் தெரியுமா?"

"லியோன்ல எலி இல்லன்னு நினைச்சீங்களா?" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள் நதாலி. வண்டி கிளம்பியது.